ஆறும் கூலியும் அரசாங்கமும்

வாணிபத்தை ஒழுங்குபடுத்துதல், இயற்கையைக் காக்கும் துறைகளில் முதலிடுதல், உழைப்புக்கு நேரிய கூலி வழங்கச் செய்தல் என்னும் மூன்றும் ஓர் அரசாங்கத்தின் தலையாய கடமைகள் எனப் பலரும் பேசக் கேட்கிறோம். ஆயினும் அவற்றைத் தனித்தனிப் பொருள்களாகப் பிரித்துப் பேசுவதே வழக்கமாக இருக்கிறது. ஆற்றைப் பற்றிப் பேசுவோர் கூலியை மறக்கின்றனர். கூலியைப் பற்றிப் பேசுவோர் ஆற்றை மறக்கின்றனர். இம்மூன்றும் உண்மையில் ஒரே கணக்கின் மூன்று பத்திகளே என்பதைத் திருப்பூரும் நொய்யலாறும் நமக்குத் தெளிவாகக் காட்டுகின்றன. ஆதலின் பொதுப்படப் பேசுவதை விடுத்து, அவ்வூரின் வரலாற்றையே இங்கு ஆராயப் புகுகின்றோம்.

நொய்யல், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளியங்கிரிப் பகுதியில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களின் வழியே சென்று காவிரியுடன் கலக்கிறது. அதன் கரையில் பனியன் தொழில் பெருகியது. பருத்தித் துணிக்குச் சாயமேற்றும் முறையை அறிந்தாலன்றி இவ்வாற்றுக்கு நேர்ந்தது விளங்காது. நீரில் நனைந்த பருத்தியிழை எதிர்மின் தன்மை உடையதாகிறது, சாயமும் அத்தன்மையதே. ஒத்த தன்மையுடையவை ஒன்றையொன்று விலக்குமாதலால், சாயத்தை இழையோடு சேர்க்கும்பொருட்டுத் தொட்டியில் உப்பு மிகுதியாக இடப்படுகிறது. அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை. இழையைப் பற்றாது எஞ்சிய சாயத்துடனும், துணியைப் பல முறை அலசிய நீருடனும் வெளியேறிவிடுகிறது. நிறம் கண்ணுக்குப் புலனாகும், உப்போ புலனாகாது. நிலத்தைக் கெடுப்பதில் முதன்மையானது அப்புலனாகாத உப்பே. தொடக்கத்தில் அமைந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை ஓரளவு நீக்கினவேயன்றிக் கரைந்த உப்பை நீக்கவில்லை.

1992-இல் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்திற்கென ஓர் அணை கட்டப்பட்டது. வயலுக்கு நீர் வழங்கவேண்டிய அவ்வணை, சில ஆண்டுகளுக்குள் சாயக்கழிவு தேங்கும் குளமாயிற்று. சுற்றிலுமுள்ள கிணறுகள் உவர்த்தன; விளைநிலங்கள் பயனற்றுப் போயின. அணையால் வாழ்வு வருமென எதிர்நோக்கியிருந்த உழவர்களே, அதில் நீரைத் தேக்கவேண்டாமென முறையிடும் நிலை வந்தது. இதனினும் இரங்கத்தக்கது வேறுண்டோ?

இது சட்டமில்லாத காலத்தில் நிகழ்ந்ததன்று. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இலேயே இயற்றப்பட்டது. தமிழ்நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. பின்னர் ஏன் ஆறு கெட்டது? காரணம் மாந்தரின் பேராசை ஒன்றே என்று கூறிவிடுதல் எளிது. ஆயின் அது முழு உண்மையாகாது. பத்துப் பட்டறைக்காரருள் ஒருவர் மட்டும் தம் கழிவை முற்றும் தூய்மை செய்யத் துணிகிறார் எனக் கொள்வோம். அவர் கேட்கும் சாயக்கூலி உயர்ந்துவிடும்; ஏனைய ஒன்பதின்மரும் குறைந்த கூலிக்குச் சாயமேற்றி அவருடைய வாடிக்கைகளைக் கவர்ந்துகொள்வர். நன்மை செய்தவர் கடையை மூடுவார். தீமை செய்தவர் தழைப்பார். இந்நிலையில் தனிமனிதரின் நல்லெண்ணம் மட்டும் ஆற்றைக் காவாது. பதின்மருக்கும் ஒரே விதி, ஒரே நாளில், ஒரே கண்டிப்புடன் வந்தாலன்றி அறவழி நிற்போருக்கு வாணிபத்தில் இடமில்லை. வாணிபத்தை ஒழுங்குபடுத்துதல் என்பதன் உட்பொருள் இதுவே. அது தொழிலுக்குப் பூட்டும் விலங்கன்று. நேர்மையாளருக்குக் கட்டும் வேலி.

வட ஆர்க்காட்டுப் பகுதியின் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைக் குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்குரிய ஈட்டைச் செலுத்தவேண்டும் என்னும் கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என 1996-இல் உச்சநீதிமன்றம் தெளிவுறுத்தியது. நொய்யல் ஆயக்கட்டு உழவர்களும் நீதிமன்றத்தை நாடினர். சென்னை உயர்நீதிமன்றம் 2006 டிசம்பரில் கண்டிப்பான ஆணைகளைப் பிறப்பித்தது. 2009-இல் உச்சநீதிமன்றமும் உழவர் பக்கமே நின்றது. அவ்வாணைகள் நிறைவேறாமை கண்டு, 2011 ஜனவரி 28-ஆம் நாள், கழிவு ஒரு துளியும் வெளியேறா நிலையை எய்தும் வரையில் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன.

இவ்விடத்தில்தான் முதலீடு என்னும் இரண்டாம் பொருள் தோன்றுகிறது. கழிவை வெளியேற்றாமை வெறும் ஆணையால் ஆவதன்று. கழிவுநீரை முதலில் நுண்ணுயிர்களைக்கொண்டு தூய்மை செய்யவேண்டும்; பின்னர் மிகுந்த அழுத்தத்துடன் மெல்லிய சவ்வுகளின் ஊடே செலுத்தி நீரையும் உப்பையும் பிரிக்கவேண்டும்; எஞ்சிய உவர்நீரை ஆவியாக்கி உப்பைப் படிகமாக எடுக்கவேண்டும். இவ்வாறு செய்தால் நூற்றுக்கு 90 பங்குக்கு மேற்பட்ட நீரும், இட்ட உப்பிற் பெரும்பகுதியும் மீண்டும் பட்டறைக்கே பயன்படும். ஆனால் இயந்திரங்களின் விலையும், அவற்றை இயக்கும் மின்சாரத்தின் செலவும், ஆவியாக்குதற்கு வேண்டும் எரிபொருளின் செலவும் பெரியன. ஏழெட்டுத் தொட்டிகள் வைத்திருக்கும் சிறு பட்டறைக்காரர் அப்பணத்தை எங்ஙனம் திரட்டுவார்? தமிழ்நாட்டு அரசாங்கம் 2011-இல் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனாக அளிக்க முன்வந்தது இக்கருத்துப் பற்றியே. நீதிமன்றத்தின் கண்டிப்பும் அரசாங்கத்தின் கைகொடுப்பும் சேர்ந்த பின்னரே பட்டறைகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன. கண்டிப்பின்றிப் பணம் கொடுத்திருந்தால் அது கரைந்திருக்கும். பணமின்றிக் கண்டித்திருந்தால் சிறியவர் அழிந்து பெரியவர் மட்டுமே எஞ்சியிருப்பர்.

அத்தொழில் அழிந்ததோ? அழியவில்லை. திருப்பூரிலிருந்து அயல்நாடுகளுக்குச் செல்லும் பின்னலாடையின் மதிப்பு இன்று ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாயைக் கடந்து நிற்கிறது. எனினும் வெற்றி முழுமையானது என்று கூறத் துணியோம். நிலத்தில் இறங்கிய உப்பு ஓரிரு மழையில் நீங்குவதன்று. கட்டுப்பாட்டுக்கு அஞ்சி வேறு மாவட்டங்களின் ஆற்றங்கரையை நாடிய பட்டறைகளும் உண்டு. விதி ஓர் ஊருக்கு மட்டும் கண்டிப்பாயிருந்தால், தீமை அடுத்த ஊருக்குக் குடிபெயரும் என்பதே இதனால் பெறும் படிப்பினை.

இனிக் கூலியைக் குறித்துச் சிறிது சிந்திப்போம். பட்டறைகள் மூடப்பட்ட மாதங்களில் அங்கே நாட்கூலிக்கு உழைத்தவர்கள் வேலையிழந்தனர். ஆற்றைக் கெடுக்க அவர்கள் முடிவு செய்யவில்லை. அதனால் வந்த ஆதாயத்திலும் அவர்களுக்குப் பங்கில்லை. ஆயின் தண்டனையில் முதற்பங்கு அவர்களுடையதாயிற்று. இஃது அறமாகுமா?

நேரிய கூலி எது என்னும் வினாவுக்கு நம் நாட்டில் விடை இல்லாமலில்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-இல் தோன்றியது. அவ்வாண்டிலேயே அமைந்த நியாயக் கூலிக் குழு, குறைந்தபட்சக் கூலி, நியாயக் கூலி, வாழ்க்கைக் கூலி என மூன்று படிகளை வகுத்தது. 1957-இல் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாடு, உணவு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, விறகு விளக்குச் செலவு ஆகியவற்றை அளவாகக் கொண்டு கூலியைக் கணிக்கச் சொன்னது. பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், முதுமை முதலியவற்றிற்காக நூற்றுக்கு 25 பங்கு அதனோடு சேர்க்கவேண்டும் என 1991-இல் உச்சநீதிமன்றம் மொழிந்தது. அரசியல் சட்டத்தின் 43-ஆம் பிரிவும் வாழ்க்கைக் கூலியையே குறிக்கோளாகக் காட்டுகிறது. 2019-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கூலித் தொகுப்புச் சட்டம், எந்த மாநிலமும் தாழக்கூடாத அடித்தளக் கூலிக்கு வழி செய்கிறது.

ஏட்டில் உள்ள இவை தையற்பொறியின் முன் அமர்ந்திருப்பவரை எவ்வளவு எட்டியுள்ளன? திருப்பூரில் 'ஒன்றரை ஷிப்டு' என்னும் சொல் பெருவழக்காக இருக்கிறது. எட்டு மணி நேரத்தோடு மேலும் நான்கு மணி நேரம் உழைப்பது என்பது அதன் பொருள். எட்டு மணி நேர உழைப்பு ஒரு குடும்பத்தைத் தாங்குமாயின் இச்சொல் பிறந்திராது. கைமடியிலும் செக்கிங்கிலும் நிற்கும் பெண்டிரும், வடநாட்டிலிருந்து வந்த இளைஞரும் இதனை நன்கறிவர். 1984-இல் பஞ்சப்படி வேண்டி அவ்வூர்த் தொழிலாளர் 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர் என்பதனை நோக்க, அங்குக் கூலி கேட்டுப் பெற்ற பொருளேயன்றித் தானே வந்ததன்று என்பது தெளிவாகும்.

கூலி உயர்ந்தால் வாணிபம் அயல்நாடுகளுக்குப் போய்விடும் என்பர் சிலர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசாங்கம் இந்தியப் பொருள்கள்மேல் 50 சதவிகித வரி விதித்தபோது திருப்பூர் நடுங்கியதை நாம் அறிவோம். ஆயினும் கழிவைத் தூய்மை செய்தால் தொழில் அழியும் என்றும் இவ்வாறே ஒருகாலத்திற் கூறினர். பொதுவிதியும் நீண்டகாலக் கடனும் சேர்ந்தபோது தொழில் பிழைத்தது. ஆற்றுக்குச் செய்ததைக் கூலிக்கும் செய்யலாமன்றோ? அரசாங்கம் கடனோ மானியமோ வழங்கும்போது, கழிவு வெளியேறாமையை நிபந்தனையாக்குவது போலவே, எட்டு மணி நேர உழைப்புக்கு உரிய நேரிய கூலியையும், ஆண் பெண் இருபாலார்க்கும் சம ஊதியத்தையும் நிபந்தனையாக்குதல் வேண்டும். ஆற்றைக் காக்க ஆலையை மூட நேரின், அந்நாட்களின் கூலிக்கு முன்கூட்டியே ஒரு நிதி அமைத்தல் வேண்டும். ஆய்வாளரும் ஓர் ஊரில் கண்டிப்பும் மற்றோர் ஊரில் நெகிழ்வும் காட்டலாகாது.

திராட்சத்தோட்டத்து வேலையாட்களைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையை நினைவுகூர்கிறோம். கடைசி நாழிகையில் வந்தவனுக்கும் எசமான் முழுநாட் கூலியைக் கொடுத்தான். அவன் எத்தனை நாழிகை உழைத்தான் என்பதோடு, அவன் வீட்டில் அன்று அடுப்பெரிய எவ்வளவு வேண்டும் என்பதையும் எசமான் எண்ணினான் என்றே நாம் பொருள் கொள்கிறோம். நாம் அணியும் பனியனின் விலையில் ஓர் ஆற்றின் நீரும், ஒரு தாயின் ஒன்றரை ஷிப்டும் எழுதப்படாமல் அடங்கியுள்ளன. அவ்விரண்டையும் கணக்கில் ஏற்றும் அரசாங்கமே செங்கோல் அரசாங்கம் எனத்தகும். அதனைக் கேட்டுப் பெறுதல் குடிகளாகிய நம் கடன்.