வீட்டிற் சுருட்டிய சுருட்டு

மேலைத் தேசங்களிலே ஒரு பொழுதுபோக்கு உண்டு. கடையிற் சுருட்டு வாங்காமல், பாடம் செய்த புகையிலையை நிறை கணக்கில் வாங்கி வந்து, வீட்டு மேசையில் விரித்து வைத்துத் தம் கையாலேயே சுருட்டிக்கொள்வதுதான் அது. அதற்கென்று ஒரு பலகை, ஒரு கத்தி, ஒரு கிண்ணம் பசை, மரத்தாற் செய்த அச்சு என்றெல்லாம் உபகரணங்களும் விற்பனைக்கு வருகின்றன. தபால் முத்திரை சேர்ப்பாரையும் ரோசாச் செடி வளர்ப்பாரையும் போலவே இவர்களும் தங்கள் கைவரிசையைப் பற்றிப் பேசி மகிழ்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தாருக்கு இது ஒரு புதினமாகத் தோன்றாது. தோட்டத்தில் விளைந்ததில் நல்ல இலை சிலவற்றை விற்காது எடுத்து வைத்து, பின்னேரங்களில் விறாந்தையில் இருந்து, தமக்கு வேண்டிய நாலு சுருட்டைத் தாமே சுருட்டிக்கொண்ட பெரியவர்களைக் கண்டறியாத கிராமம் அங்கே அரிது. அவர்கள் அதனைப் பொழுதுபோக்கென்று சொன்னதில்லை. காசு மிச்சம் என்றுதான் சொன்னார்கள். ஆயினும் இரு சாராரிடமும் ஒரே நம்பிக்கை இருப்பதைக் காண்கிறோம். "இது நம் கையாற் சுருட்டியது, கலப்படம் இல்லாதது, ஆகவே கெடுதியும் இல்லாதது" என்பதே அந்த நம்பிக்கை. இளைஞரும் மாணவரும் படிக்கின்ற இப்பகுதியில் அதனை ஆராயாமல் விடுவது முறையன்று. ஆனால் முதலிற் கைத்தொழிலைப் பார்ப்போம். தொழிலை அறியாமல் அதன் தீங்கை மட்டும் பேசினால், அதை அறிந்தவர் நம் பேச்சைக் காதில் வாங்கார்.

1492ஆம் ஆண்டிற் கொலம்பஸுடன் சென்றவர்கள் கியூபாத் தீவிலே மக்கள் இலையைச் சுருட்டிக் கொளுத்திப் புகையை உறிஞ்சக் கண்டு வியந்தனர். அவ்விலை போர்த்துக்கேயர் வழியாகக் கீழைத் தேசங்களுக்கு வந்து சேர்ந்தது. உலகத்து மொழிகளிற் பல அந்நியப் பெயரையே சிறிது திரித்து ஏற்றுக்கொள்ள, தமிழர் கண்டதைக் கண்டபடியே 'புகையிலை' என்றனர். பெயரைக் கடன் வாங்காததோடு, ஒரு பெயரைக் கடன் கொடுத்தும் இருக்கிறோம். ஆங்கில அகராதியிலுள்ள 'செறூட்' என்னும் சொல் நம்முடைய சுருட்டேயன்றி வேறன்று. 1887இல் வெளியான முதலாவது ஷேர்லொக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த அறையிற் கிடந்த சாம்பலைப் பார்த்த துப்பறிவாளர், அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று கூறுகிறார். நமது புலவர்களும் சும்மா இருக்கவில்லை. சீனிச் சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடத்துப் புகையிலையையே தூது அனுப்பிப் 'புகையிலை விடு தூது' பாடினார்!

யாழ்ப்பாணத்திலே ஒல்லாந்தர் காலத்திற் புகையிலை பெருஞ் செல்வமாயிற்று. அக்காலத்தில் அது பெரும்பாலும் வாயிற் போடும் இலையாகவே திருவிதாங்கூருக்குத் தோணியேறியது. மலையாள நாட்டிலே யாழ்ப்பாணப் புகையிலை என்றால் தனி மதிப்பு. பின்னர்ச் சுருட்டு வியாபாரம் தெற்கு நோக்கித் திரும்பியது. சிங்கள ஊர்களின் கடைத்தெருக்களிலே யாழ்ப்பாணத்தார் திறந்த சுருட்டுக் கடைகள் பேர் பெற்றவை. அங்கே உழைத்த காசு ஊரிலே கல்வீடாகவும், கிணறாகவும், பிள்ளைகளின் படிப்பாகவும் மாறியது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் தென்னிலங்கைத் தமிழர் கடைகள் எரிந்தபோது அவ்வாழ்வும் பெரிதும் சிதைந்தது.

இனி இலையைப் பற்றிச் சொல்வோம். மாரி மழை ஓயுங் காலத்திற் கன்று நட்டு, கோடை தொடங்கும் பங்குனி, சித்திரையில் வெட்டுவது யாழ்ப்பாண வழக்கம். இடையிலே அந்தக் கமக்காரனுக்கு நித்திரையில்லை. துலா மிதித்து இறைத்த காலத்தில் விடியற் சாமத்திலேயே வேலை தொடங்கிவிடும். செடி பூக்க முற்படும்போது மொட்டைக் கிள்ளிவிடல் வேண்டும். இலைக் கக்கத்தில் எழும் பக்கத் துளிர்களையும் விடாமல் முறித்தல் வேண்டும். அப்பொழுதுதான் செடியின் சாரம் இலையில் ஏறித் தடிக்கும். கிணற்று நீர் எத்தகையது என்பதும் முக்கியம். உப்புத்தன்மை கூடிய நீர் பாய்ந்த நிலத்து இலையிற் குளோரைட்டு மிகுந்துவிடும். அவ்விலை சரிவரப் பற்றி எரியாது, பற்ற வைக்கப் பற்ற வைக்க அணைந்துபோகும்.

வெட்டிய பச்சை இலையைக் காயவைத்த மாத்திரத்தே அது சுருட்டுக்கு உதவாது. மெல்ல உலரும்போது பச்சையம் அழிந்து, இலை மஞ்சளாகிப் பின் கபில நிறமாகிறது. உள்ளிருந்த மாப்பொருள் வெல்லமாக மாறிக் குறைகிறது. அதன் பின்னரே பாடம் போடுதல். இலைகளைச் சிறிது ஈரப்பதத்துடன் குவித்து அடுக்கினால், குவியல் தானாகவே சூடேறும். கையை உள்ளே விட்டால் சுடும். வெப்பம் அளவு கடந்து ஏறவிட்டால் இலை கருகிக் கெடும் என்பதால், உள்ளிருந்ததை வெளியிலும் வெளியிலிருந்ததை உள்ளிலுமாக மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். அப்போது மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வெளிப்படும். நெடி தணிந்து வாசனை எழுமளவும் பொறுத்திருத்தல் வேண்டும். சுருட்டுப் பிரியர் 'குணம்' என்று போற்றுவதெல்லாம் இக்குவியலிற் பிறப்பதே. இதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். மீண்டும் இதற்கு வருவோம்.

சுருட்டும் வேலை பார்வைக்கு எளிது. பாடமான இலையை லேசாக நீர் தெளித்துப் பதப்படுத்தி, நடுக்காம்பை உரித்து எடுத்தால் இலை இரு பாதியாகும். உள்ளே வைக்கும் இலைகளைக் கசக்கிப் பந்தாக்கக் கூடாது; நீளவாக்கில் மடித்து மடித்து வைக்க வேண்டும். மடிப்புகளுக்கிடையே காற்றுப் போக வழி இருத்தல் அவசியம். இறுக்கினால் இழுப்பு வராது. தளர விட்டால் மளமளவென்று எரிந்து வாயைச் சுடும். எவ்வளவு இறுக்கம் என்பதைப் புத்தகத்தில் எழுதிக் கற்பிக்க இயலாது, விரல்நுனிதான் அறியும். உள்ளீட்டைச் சுற்றி ஓர் இலை, அதன் மேல் அழகான மேலிலை. மேலிலையிலே கிழிசலோ பொத்தலோ இருத்தல் ஆகாது. நரம்பு புடைத்த பக்கம் உள்ளே போக வேண்டும். ஒரே இலையின் இடப் பாதியை ஒரு திசையிலும் வலப் பாதியை எதிர்த் திசையிலும் சுற்றினாற்றான் நரம்புகள் சுருட்டின் நீளத்தோடு ஒத்து ஓடும். நுனியை ஒரு சொட்டுப் பசையால் ஒட்டிவிட்டால் முடிந்தது. கியூபாவிலே இவ்வளவுக்கும் கைப்பிடியில்லாத பிறை போன்ற ஒரு கத்தியும் பலகையும் மாத்திரமே வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு சுருட்டை அழகாகச் சுருட்டிவிடுவது பெரிதன்று. நூறு சுருட்டை ஒரே பருமனில், ஒரே இறுக்கத்தில், நாள்தோறும் சுருட்டுவதே தொழில். பொழுதுபோக்காளர்கள் தொழிலாளியிடம் தலைவணங்க வேண்டிய இடம் அதுவே என்பது நம் கருத்து.

அத்தொழிலாளிகள் இருந்து வேலை செய்த சுருட்டுக் கொட்டிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைகள் ஓயாமல் ஓட, காதுகள் சும்மா இருக்கும் வேலை இது. ஆகவே ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, மற்றவர் கேட்டபடி சுருட்டினர். தலையங்கம் முதல் தொடர்கதை வரை எதுவும் விடுபடாது. வாசிப்பு நின்றால் வாதம் தொடங்கும். பள்ளிக்கூடம் காணாதவர்களும் உலக அரசியலைப் பேசியது அப்படித்தான். ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் 1865இல் இவ்வழக்கம் தோன்றியது. அங்கே மேடையிட்டு வாசிப்பவரை அமர்த்தி, அவருக்குரிய கூலியைத் தொழிலாளரே சேர்த்துக் கொடுத்தனர். தொழிலாளர் அதிகம் அறிந்துகொள்கிறார்கள் என்று அஞ்சிய ஸ்பானிய ஆட்சியாளர் அடுத்த ஆண்டே அதனைத் தடைசெய்தனர். தடை நிலைக்கவில்லை, வாசிப்புத்தான் நிலைத்தது. கடல்களால் எவ்வளவோ பிரிந்து கிடந்த இரு தீவுகளில், ஒரே இலையைச் சுருட்டியவர்களுக்கு ஒரே யோசனை தோன்றியிருக்கிறது!

கொட்டிலிலே செய்த வேலை வீட்டுக்குள் வந்தபோது நிகழ்ந்ததையும் சரித்திரம் காட்டுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நியூ யோர்க் நகரத்திலே வந்தேறிய ஏழைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் தமது வாடகை அறைகளிலேயே சுருட்டுச் சுருட்டின. சமைப்பதும், உண்பதும், உறங்குவதும், ஈரப் புகையிலையைக் குவிப்பதும் ஒரே அறையில். பிள்ளைகளும் காம்பு உரித்தனர். இதனைத் தடுக்க 1884இற் சட்டம் இயற்றப்பட்டது. 1885இலே நீதிமன்றம் அச்சட்டம் செல்லாதென்று தீர்த்தது. தன் வீட்டில் தான் தொழில் செய்யும் உரிமையை அரசு பறிக்கலாகாது என்பது நீதிபதிகள் கண்ட நியாயம். அவர்கள் உரிமையைக் கண்டார்கள். அந்த அறையிற் கிடந்த குழந்தையின் மூச்சைக் காணவில்லை.

ஏனெனில் ஈரப் புகையிலையைக் கையாள்வதே தீங்கு தரும். நிக்கொட்டின் நீரிற் கரைந்து தோல் வழியாக உடம்பினுள் ஏறும். பச்சை இலை முறிக்கும் தொழிலாளருக்கு மழை நாட்களிலும் பனி விழுந்த காலைகளிலும் தலைச்சுற்றும் வாந்தியும் உண்டாவது இதனாலேயே. பூச்சி கொல்ல நம் தோட்டக்காரர் புகையிலையை ஊறவைத்துத் தெளிப்பதும் அதே நஞ்சை நம்பித்தான். பூச்சியைக் கொல்வது பிள்ளையின் கையை மாத்திரம் தொடாமல் விடுமா?

இப்போது அந்த நம்பிக்கைக்கு வருவோம். கலப்படம் இல்லாதது கெடுதி இல்லாதது என்கிறார்களே, புகையிலையின் நஞ்சு யாரோ ஒரு தொழிற்சாலைக்காரன் வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்ததன்று. இலையிலே நிக்கொட்டின் பிறவியிலேயே உண்டு. புற்றுநோயை உண்டாக்கும் நைத்திரோசமீன்கள் என்னும் பொருள்களோ பெரும்பாலும் இலையை உலர்த்தும்போதும் பாடம் போடும்போதுமே உருவாகின்றன. வாசனை பிறக்கிறது என்று சொன்னோமே, அதே குவியலில்! பின்னர் நெருப்பு வைத்ததும் காபனோரொட்சைட்டும் தாரும் வேறு சேருகின்றன. தம் தோட்டத்தில் எருவிட்டு வளர்த்துத் தம் கையாற் சுருட்டிய பெரியவருக்கும், கடையில் வாங்கிய பேரனுக்கும் இந்த இரசாயனம் ஒன்றுதான்.

"நாங்கள் புகையை விழுங்குவதில்லை, வாயில் வைத்து விடுகிறோம்" என்பாரும் உளர். சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. ஆதலால் நிக்கொட்டின் வாயின் மென்தோலினூடாகவே இரத்தத்திற் கலந்துவிடும். நெஞ்சுக்குள் இழுக்க வேண்டிய தேவையே இல்லை. 1998இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் சுருட்டைப் பற்றியே தனி நூலொன்றை வெளியிட்டது. வாய், குரல்வளை, உணவுக்குழாய், சுவாசப்பை ஆகியவற்றிற் புற்றுநோயைச் சுருட்டு உண்டாக்கும் என்பது அதன் முடிவு. பெரிய சுருட்டு ஒன்றிலே ஒரு பெட்டி சிகரெட்டின் புகையிலை அடங்கிவிடக்கூடும். இலங்கையில் 21 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதை 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. ஆனால் வீட்டு விறாந்தையில் தாத்தாவின் சுருட்டுக்கு நெருப்பெடுத்துக் கொடுக்கும் பேரனை எந்தச் சட்டமும் வந்து தடுக்காது. அங்கே வீட்டார்தாம் பார்த்துக்கொள்ள வேண்டும். பழகிவிட்ட முதியவரைப் பழிப்பது நம் எண்ணமன்று. அவர் கைத்திறனைப் பிள்ளைகள் கேட்டறியட்டும், எழுதியும் வைக்கட்டும். இலையை மாத்திரம் அவர்கள் கையிற் கொடாதிருப்போம்.

வீட்டிலே சுருட்டுவதை விடமாட்டோம் என்பார்க்கு, தோட்டக் கலையைச் சார்ந்த ஒன்றையும் சொல்லிவைக்கிறோம். புகையிலைச் செடியைத் தாக்கி இலையிற் பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் படர்த்தும் நோய் ஒன்றுண்டு. 1898இலே ஒல்லாந்து அறிஞர் பையரிங்க் அதை ஆராய்ந்து, பற்றீரியாவிலும் வேறான ஒன்றே அதற்குக் காரணம் எனக் கண்டு 'வைரசு' என்று பெயரிட்டார். வைரசு பற்றிய விஞ்ஞானத்துக்கு வழி திறந்தது நமது இந்தப் புகையிலைதான். அவ்வைரசு மிகவும் பிடிவாதமானது. உலர்ந்து பாடமான இலையிலும் அது நெடுங்காலம் அழியாது கிடக்கும். சுருட்டிய கையோடு முற்றத்துக்குப் போய்த் தக்காளிச் செடியையோ மிளகாய்க் கன்றையோ தொட்டால் அவற்றுக்கும் தொற்றிவிடும். தக்காளியும் மிளகாயும் புகையிலையும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகையால் கன்றுகளைத் தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். நகக்கண்ணில் ஒட்டிய தூளையும் விடாதீர்கள்.