உங்களுக்குத் தெரியுமா? ஹெச்.ஐ.வி. இருந்தாலும் குழந்தை பெறுவது பெண்ணின் முடிவு

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களிலும் கர்ப்பம் பதிவானதும் எடுக்கச் சொல்லும் ரத்தப் பரிசோதனைகளில் ஹெச்.ஐ.வி.யும் ஒன்று. முதலில் விரலை நீட்டுவது மனைவி. அதனால், கணவர் வழியே தொற்று வந்திருந்தாலும் பழி அவள் தலையில்தான் விழுகிறது. எவ்வளவு பெரிய அநியாயம்!

'கலைத்துவிடு' என்று புகுந்த வீடு சொன்னால் போதாது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள ஹெச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, தொற்றுள்ள கர்ப்பிணி விவரம் அறிந்து சம்மதிக்காமல் அவருக்குக் கருக்கலைப்போ கருத்தடையோ செய்யக்கூடாது. உடலுறவில் தொற்று பரவாமல் தடுப்பது தொற்றுள்ளவர் கடமை என்கிறது அதே சட்டம். ஆனால் ஆணுறைப் பேச்சை எடுத்தாலே அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்று அஞ்சக் காரணமுள்ள பெண்ணுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு.

சிகிச்சையே இல்லையென்றால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். தாய் ஹெச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை விடாமல் சாப்பிட்டு, பிறந்த குழந்தைக்கு நெவிரபின் சிரப்பும் கொடுத்துவந்தால் அது 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும்.

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். கணவரும் கூடவே போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பது நல்லது. சந்தேகம் கேட்க: 1097, கட்டணமில்லை.