டூரின் மிருகம் கண் விழிக்கும் நேரம்

இங்கிலாந்தின் சசெக்ஸ் வட்டாரத்தில் குட்வுட் என்றொரு எஸ்டேட் இருக்கிறது. கோடை வந்தால் அங்கே வேகத் திருவிழா. மாளிகையைத் தாண்டி மேட்டில் ஏறும் சாலையில் கார்கள் பறக்க, கூட்டம் வேலியோரம் முண்டியடிக்கும். நாம் அங்கே நிற்க வேண்டாம். வாருங்கள், பின்பக்கம் போவோம், ஓட்டத்துக்கு முன் கார்களை நிறுத்தி வைக்கும் பேடக்குக்கு. உண்மையான திருவிழா அங்கேதான் நடக்கிறது!

முதலில் மூக்கில் ஏறுவது ஒரு வாசனை. விளக்கெண்ணெய்! ஆமாம், நம் பாட்டிமார் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினார்களே, அதே ஆமணக்கெண்ணெய்தான். நூறு வருடத்துக்கு முந்தைய ரேஸ் எஞ்சின்களுக்கு அதுதான் அமிர்தம். எவ்வளவு சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். பெட்ரோல் கலந்தாலும் எளிதில் கரையாது. ஒரே தொல்லை, நாள்பட விட்டால் பிசினாக இறுகிவிடும். அதனால் ஓட்டம் முடிந்ததும் வடித்துக் கழுவியாக வேண்டும். இன்றும் சில பழங்கார்க்காரர்கள் விடாப்பிடியாக அதையே ஊற்றுகிறார்கள். அந்தப் புகையை ஒருமுறை சுவாசித்தவர்கள் அதைத் தேடி மறுவருடமும் வருகிறார்கள்.

அந்தப் புகைக்கு நடுவே 2015-இல் வந்து நின்றது ஃபியட் எஸ்76. செல்லப் பெயர், ஃபியட்டின் ஊரான டூரினை வைத்து, 'டூரின் மிருகம்'.

எஞ்சின் கொள்ளளவு 28.4 லிட்டர். சிலிண்டர்கள் எத்தனை? நான்கே நான்கு! அதாவது ஒவ்வொன்றும் ஏழு லிட்டருக்கு மேல். நம் ஊர் மாருதி ஆல்ட்டோ கார்கள் ஏழின் எஞ்சின் கொள்ளளவு மொத்தமும் இதன் ஒரு சிலிண்டருக்குள் அடங்கிவிடும். பிஸ்டனின் விட்டம் 190 மில்லிமீட்டர். அது மேலும் கீழுமாகப் போய் வரும் தூரம் 250. சிலிண்டருக்கு மூன்று ஸ்பார்க் பிளக், நான்கு வால்வு. இவ்வளவு பெரிய எஞ்சின் நிமிடத்துக்கு 1,900 சுற்றைத் தொட்டாலே 290 குதிரைத்திறன் தந்துவிடும். அதன் பலம் பின்சக்கரத்துக்குப் போவது செயின் வழியாக. எஞ்சின் மூடி அத்தனை உயரம் என்பதால், ஓட்டுபவர் பாதையைப் பார்க்க அதன் ஓரமாகத்தான் எட்டிப் பார்க்க வேண்டும்.

எதற்காக இப்படி ஒரு பூதம்? ஜெர்மனியின் பிளிட்சன் பென்ஸைத் தோற்கடிக்க. அந்த 21.5 லிட்டர் பென்ஸ் 1909-இல் புரூக்லேண்ட்ஸ் களத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. ஃபியட் சும்மா இருக்குமா? 1910-11-இல் எஸ்76 கார்கள் இரண்டைக் கட்டியது. 1913-இல் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்டில் ஆர்தர் துரே அதில் ஒன்றை மணிக்கு 213 கிலோமீட்டர் வரை விரட்டினார். உரிய நேரத்துக்குள் எதிர்த்திசையில் திரும்ப ஓட்டிக் காட்ட முடியாததால் சாதனை ஏட்டில் ஏறவில்லை. பிறகு உலகப் போர் வந்தது. ஒரு காரை ஃபியட்டே பிரித்துப் போட்டது. இன்னொன்றின் சேஸிஸ் ஆஸ்திரேலியாவுக்குப் போய், வேறு எஞ்சினோடு ஓடி, விபத்தில் சிக்கி, மறக்கப்பட்டது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை!

டங்கன் பிட்டவே என்ற ஆங்கிலேயர் 2003-இல் அந்தச் சேஸிஸை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். பிரித்துப் போட்ட காரின் எஞ்சின் தப்பியிருந்தது, அதையும் பிடித்தார். ஒன்றின் எலும்பு, மற்றதன் இதயம். பாடி, ரேடியேட்டர், கியர்பாக்ஸ் போன்றவற்றைப் பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் வைத்துப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 'அப்படியானால் இது அசலா?' என்று சிலர் கேட்கிறார்கள். சேஸிஸும் எஞ்சினும் ஃபியட் ஆலையில் பிறந்தவை, ஒரே வகைக் காருக்காகவே பிறந்தவை. என்னைக் கேட்டால் இது அசல்தான், துளி சந்தேகமும் இல்லை.

பட்டறைக்குள் ஒரு நிமிடம் எட்டிப் பாருங்கள். அந்தக் காலத்து எஞ்சின்களுக்குக் கடையில் பேரிங் கிடைக்காது. வெள்ளீயம் கலந்த 'வொயிட் மெட்டலை' உருக்கி ஊற்றி, ஆறவிட்டு, கடைந்து, கடைசியில் கையால் சுரண்ட வேண்டும். கிராங்க் தண்டில் நீல மை தடவி, பேரிங்கில் உட்கார வைத்து ஒரு சுற்று. எடுத்துப் பார்த்தால் மேடான இடங்களில் மட்டும் நீலம். அதை மட்டும் மயிரிழையளவு சுரண்டு. மறுபடி மை, மறுபடி சுற்று. பரப்பெங்கும் நீலம் சீராகப் படியும்வரை இதே வேலை. பார்க்கிறவருக்குப் பொறுமை போய்விடும், செய்கிறவருக்குப் போகாது. எந்தப் பந்தயத்தையும்விட எனக்குப் பிடித்த காட்சி இது.

2014 நவம்பரில், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, அந்த எஞ்சின் மறுபடி உறுமியது. செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது; முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். தீப்பொறி தருவது மேக்னெட்டோ. பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி வைக்காமல் சுழற்றினால் எஞ்சின் எதிர்த்து உதைக்கும். அந்தக் காலத்தில் கை முறிந்தவர்கள் ஏராளம். ஒரு சுற்று... இன்னொரு சுற்று... டமார்! பக்கவாட்டுக் குழாய்களில் நெருப்பு சீறுகிறது. சுற்றி நிற்கும் பெரியவர்கள் சின்னப் பிள்ளைகளாகக் குதிக்கிறார்கள். மெதுவாக ஓடும்போது வெடிகள் கோயில் அதிர்வேட்டு மாதிரி தனித்தனியாக நெஞ்சில் வந்து இடிக்கின்றன.

இந்தக் கிறுக்கு பிட்டவே ஒருவருக்கு மட்டும் பிடித்ததல்ல. 1927 மார்ச் 3 அன்று வேல்ஸின் பெண்டைன் கடற்கரையில் 'பாப்ஸ்' என்ற 27 லிட்டர் காரில் வேகச் சாதனைக்கு முயன்ற பாரி-தாமஸ் உயிரிழந்தார். காரை அங்கேயே மணலில் புதைத்தார்கள். 1969-இல் ஓவன் வின் ஓவன் என்ற பொறியியல் விரிவுரையாளர் அதைத் தோண்டி எடுத்தார். நாற்பது வருடம் உப்பு தின்ற இரும்பு! அதையும் அவர் பல ஆண்டுகள் உழைத்து ஓட வைத்துவிட்டார்.

கண்ணாடிக்குப் பின்னால் பளபளப்பாக நிற்கும் கார் பாதிக் கார்தான். எண்ணெய் ஒழுகி, புகை கக்கி, ஓடினால்தான் அது முழுசு. அப்படி ஓட வைக்கக் கைகள் வேண்டும். வொயிட் மெட்டல் ஊற்றவும் மேக்னெட்டோவுக்குக் கம்பி சுற்றவும் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். எஸ்76 மறுபடி கண் விழித்த காட்சி யூடியூபில் இருக்கிறது. லேத் பட்டறையில் கை பழகும் பிள்ளை யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், சத்தத்தைக் கூட்டி வைத்து அதைக் காட்டுங்கள்.