ஜாப்: முதலில் கற்கும் குத்து

குத்துச்சண்டைப் பயிற்சியில் சேர்பவருக்கு முதலில் சொல்லித்தரும் குத்து ஜாப். எதிராளிக்கு அருகே இருக்கும் கையை நேராக நீட்டிக் குத்தி, அதே வேகத்தில் இழுத்துக்கொள்வதுதான் அது. வலக்கைக்காரர் இடதுகாலை முன்வைத்து நிற்பதால் அவருடைய ஜாப் இடக்கையில் வரும். வலதுகாலை முன்வைத்து நிற்கும் மேரி கோம் போன்ற 'சவுத்பா' ஆட்டக்காரர்களுக்கு வலக்கையில் வரும்.

பின்னால் இருக்கும் கையால் விடுவது கிராஸ். அதில் கால், இடுப்பு, தோள் மூன்றும் திரும்பி வலுச் சேர்க்கும். ஜாபில் அந்தத் திருப்பம் குறைவு, அடியின் பலமும் குறைவு. ஆனால் அது கடக்க வேண்டிய தூரமும் குறைவு. கண்ணால் கண்டு கை அசையவே மனிதருக்கு ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும் என்பதால், ஜாபைத் தடுப்பது கடினம்.

வீழ்த்துவதற்காக யாரும் ஜாப் விடுவதில்லை. எதிராளி எட்டும் தொலைவில் இருக்கிறாரா என்று அதுதான் ஆழம் பார்க்கும். அவர் பார்வையை மறைக்கும், முன்னேறி வருபவரை நிறுத்தும், பின்னாலேயே வரும் கிராஸுக்கு வழி திறக்கும். 1980-இல் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் ஆடிய முகமது அலியின் பெரும் பலமே வேகமான இடக்கை ஜாப்தான். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் எனக் குத்துச்சண்டைப் பரம்பரைகளாகப் பிரிந்து மோதிய வடசென்னைக்கு அலி வேற்றாள் அல்ல.

ஜாப் விடும்போது மற்றக் கை தாடையைக் காக்க வேண்டும். நீட்டிய கை போன வழியிலேயே முகத்தருகே திரும்ப வேண்டும். இதில் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் சாட்சி. ஜாப் விட்டதும் அவர் இடக்கையைத் தாழ்த்துவதை ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங் கவனித்து வைத்திருந்தார். 1936 ஜூனில் நியூயார்க்கில் அந்த இடைவெளியில் வலக்கைக் குத்துகளை இறக்கி, 12-ஆம் சுற்றில் லூயிஸைச் சாய்த்தார். 1938-இல் இருவரும் மீண்டும் மோதியபோது லூயிஸ் முதல் சுற்றிலேயே கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

கையுறை மாட்ட ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு சொல்: எவ்வளவு ஓங்கிக் குத்துகிறீர்கள் என்பதைப் பிறகு பார்க்கலாம். குத்திய கையை முகத்தருகே திருப்பிக் கொண்டுவர முதலில் பழகுங்கள்.