மூளையின் குருதிக்கலன்களைக் காணல்

1895 ஆம் ஆண்டில் ரொண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த பின்னர், உயிருள்ள உடலின் என்புகள் கண்ணுக்குப் புலனாயின. ஆயினும், மூளையின் நாடிகள் மறைந்தே இருந்தன. என்பிலுள்ள கல்சியம் கதிரைப் பெரிதும் உறிஞ்சும். மூளையும் அதனூடே ஓடும் குருதியும் ஏறக்குறைய ஒரே அளவிற் கதிரைச் செல்லவிடும். ஆகவே, படத்தில் மண்டையோட்டின் நிழலே விழுந்தது.

இவ்விடரைத் தீர்க்க முயன்றவர் லிஸ்பன் நகரத்து மருத்துவர் எகாஸ் மொனிஸ் ஆவர். அணுவெண் மிகுந்த மூலகம் கதிரைக் கூடுதலாகத் தடுக்கும். அத்தகைய மூலகத்தைக் கொண்ட கரைசலைக் கழுத்து நாடியிற் செலுத்தினால், அது மூளையைக் கடக்கும் சில விநாடிகளுள் நாடிகளின் உருவத்தைப் பதிவு செய்யலாம். நாடியொன்று இயல்பான இடத்தினின்றும் விலகியிருப்பின், அதனைத் தள்ளி நிற்கும் கட்டியின் இடமும் புலப்படுமன்றோ?

முதலில் அவர் ஸ்ரொன்சியம் புரோமைட்டைப் பயன்படுத்தினார். அதனைப் பெற்ற நோயாளருள் ஒருவர் இறந்தார். அதனைக் கைவிட்டுச் சோடியம் அயடைட்டின் 25 வீதக் கரைசலை எடுத்துக்கொண்டார். 1927 யூன் 28 அன்று, உயிருள்ள மனிதரொருவரின் மூளை நாடிகள் படத்தில் தெளிவாகத் தோன்றின.

அயடைட்டுக் கரைசல் நோவையும் வலிப்பையும் விளைக்கக்கூடியதாதலின், 1930களில் தோரியம் ஈரொட்சைட்டு அதனிடத்தைப் பெற்றது. தோரொத்திராஸ்ட் எனப்பட்ட அது, செலுத்தும்போது துன்பம் தரவில்லை. படமும் மிகத் தெளிவாக இருந்தது. ஆனால், அது உடலைவிட்டு நீங்கவில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் தங்கி, இடையறாது அல்பாத் துணிக்கைகளை வெளிவிட்டது. பல்லாண்டுகள் கழிந்தபின், அதனைப் பெற்றவர்களிடையே ஈரற் புற்றுநோய் மிகுந்து காணப்பட்டது.

1953 இல் சுவீடன் நாட்டுச் செல்டிங்கர், ஊசி வழியே மெல்லிய கம்பியைச் செலுத்தி, அக்கம்பியின்மேற் குழாயை நாடியினுட் புகுத்தும் முறையை வெளியிட்டார். இதனால், தொடை நாடியிலிருந்தே மூளை நாடிகளை அணுக வழி பிறந்தது. இன்று வழங்கும் அயடீன் சேர்வைகளோ, சிறுநீரகம் நன்கு தொழிற்படுவோரில், பெரும்பாலும் ஒரு நாளினுள் வெளியேறிவிடும். எனினும், ஒவ்வாமையும் சிறுநீரகப் பழுதும் உண்டோவென மருத்துவர் முன்னரே வினவுதல் இன்றியமையாதது.

தெளிவாகக் காட்டுவது மட்டும் ஒரு மருந்தின் தகுதியாகாது. காட்டியபின் தீங்கின்றி நீங்குவதும் அதன் தகுதியே. இவ்வுண்மைக்கு முன்னோர் கொடுத்த விலை பெரிது.