தகடு வளையும் கணக்கு
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

'சட்டங்களின் வளைவு' என்ற பாடம் நம் வகுப்பில் நடந்தபோது, தேர்வில் வரும் என்பதைத் தவிர அதற்கு வேறொரு பயன் உண்டென்று நான் எண்ணியதில்லை. சென்ற கோடை விடுமுறையில் இருபத்திரண்டு தகடுகளை வீணாக்கிய பிறகே அந்தப் பக்கங்களை மறுபடியும் திறந்தேன்.

என் தந்தையார் கோவை கணபதியில் ஒரு பட்டறையில் பெண்டிங் மிஷின் ஓட்டுகிறார். சுவிட்சுப் பெட்டிகளும் அவற்றினுள் பொருத்தும் தட்டுகளும் செய்வது அங்கே வேலை. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விடுமுறையில் கூடமாட வேலைக்குச் சென்றிருந்தேன். அப்பா ஒரு துக்கத்துக்குப் போயிருந்த நாளில், "காலேஜில் படிக்கிறவன்தானே, மார்க்கிங் போடட்டும்" என்று முதலாளி என்னிடம் வேலையைக் கொடுத்துவிட்டார்.

'ப' எழுத்தைக் கவிழ்த்தாற்போல ஒரு தட்டு. வெளி அளவில் அடி 100 மி.மீ., இரு கரைகளும் 40 மி.மீ.; தகட்டின் தடிமன் 1.6 மி.மீ. நான் மூன்றையும் கூட்டி 180 மி.மீ. நீளத்துக்கு வெட்டச் சொன்னேன். 40-லும் 140-லும் கோடு கிழித்தேன். வளைத்து முடித்தபின் அடி 102.8 மி.மீ. இருந்தது. பெட்டியில் இருந்த இடமோ 101. ஒன்றுகூட உள்ளே போகவில்லை. தகட்டின் விலையை அந்தச் சனிக்கிழமை அப்பாவின் கூலியில் பிடித்துக்கொண்டார்கள். மார்க்கிங் போடச் சொன்னவர் முதலாளி, போட்டவன் நான், பிடித்தம் அப்பாவுக்கு. இந்தக் கணக்கு மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அப்பா திட்டவில்லை. "கண்ணு, தகடு வளையறப்ப நீளும். ஒரு வளைவுக்கு ஒண்ணேமுக்கால் கனம் கழிச்சுட்டுத்தான் வெட்டோணும்" என்றார். ஏன் ஒன்றேமுக்கால் என்று கேட்டேன். "அது அப்படித்தான் வரும்" என்றார்.

அது ஏன் அப்படி வருகிறது என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

தகட்டை வளைக்கும்போது வெளிப்பக்கம் இழுபடுகிறது, உள்பக்கம் நெருக்கப்படுகிறது. இடையில் ஒரு படலம் நீளாமலும் குறுகாமலும் இருக்கிறது. நம் பாடத்தில் வரும் நடுநிலைப் பரப்பு இதுதான். வெட்ட வேண்டிய நீளம் இந்தப் படலத்தின் நீளமே. பாடத்தில் சட்டம் இலேசாக வளைவதால் அப்பரப்பு சரிபாதியில் அமைகிறது. பட்டறையிலோ மீட்சி எல்லையைத் தாண்டி, தடிமன் அளவே உள்ள ஆரத்தில் மடக்குகிறார்கள். அப்போது அது உள்பக்கமாக நகர்ந்துவிடுகிறது. உள்முகத்திலிருந்து அதன் தூரம் தடிமனில் எத்தனை பங்கு என்பதையே கே காரணி என்கிறார்கள். பெரும்பாலும் அது 0.33-க்கும் 0.5-க்கும் இடையில் இருக்கும். மெல்லிய இரும்புத் தகட்டுக்கு 0.42 என்று கொள்வோம்.

செங்கோண வளைவில் வில்லின் நீளம் = (பை ÷ 2) × (உள் ஆரம் + கே × தடிமன்). எங்கள் தட்டில் உள் ஆரமும் 1.6 மி.மீ. எனவே 1.5708 × (1.6 + 0.672) = 3.57 மி.மீ.

ஆனால் நான் கூட்டிய வெளி அளவுகளோ கூர்மையான மூலை வரை செல்பவை. ஒவ்வொரு பக்கத்திலும் ஆரமும் தடிமனும் சேர்ந்து 3.2, இரு பக்கமும் 6.4 மி.மீ. வயலின் மூலை வரை நடந்து திரும்புகிறவனுக்கும் குறுக்கே வளைந்து போகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இது. 6.4-இல் 3.57 போக மீதி 2.83 மி.மீ. கழிக்க வேண்டியது. தடிமனால் வகுத்தால் 1.77. அப்பாவின் ஒன்றேமுக்கால்! தாளை அப்படியே வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"நீளும்" என்ற அவர் சொல் பாதி சரி. நடுநிலைப் பரப்பு நகராமல் பாதியிலேயே இருந்தாலும் 1.64 மடங்கு கழிக்கத்தான் வேண்டும். பெரும்பங்கு மூலையின் வடிவத்தால் வருவது. மிச்சம் மட்டுமே இழுபடுவதால் வருவது.

ஆக, சரியான நீளம் 180-இல் இரு வளைவுக்கு 5.66 போக 174.34 மி.மீ. கோடுகள் ஒவ்வொரு ஓரத்திலிருந்தும் 38.6 மி.மீ. தூரத்தில் விழ வேண்டும்.

ஆரம் மாறினால் ஒன்றேமுக்கால் செல்லாது. ஆரம் தடிமனைப் போல் இரு மடங்கானால் கழிவு 2.2 மடங்காகிறது. இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. டையின் வாய் அகலமானால் உள் ஆரமும் பெரிதாகும் என்பது அவருக்குத் தெரியும். இரும்புத் தகட்டில் ஆரம் ஏறக்குறைய வாயின் ஆறில் ஒரு பங்கு. அப்போதெல்லாம் அவர் 100 மி.மீ. துண்டு ஒன்றை வெட்டி வளைத்து, இரு பக்கத்தையும் அளந்து கூட்டி, நூறைக் கழித்துவிடுவார். மிச்சம் எவ்வளவோ அதுவே கழிவு. லேசரில் தகடு வெட்டும் பெரிய ஆலைகளில் இன்று கணினியே விரிநீளத்தைத் தருகிறது. ஆனால் கே மதிப்பை அதற்கும் யாராவது கொடுக்கத்தான் வேண்டும். நம்பிக்கையான மதிப்பு இப்படிப்பட்ட துண்டிலிருந்துதான் கிடைக்கும்.

விடுமுறை முடியும் முன் 2 மி.மீ. தகட்டில் ஒரு வேலை வந்தது. 12 மி.மீ. டை, ஆரம் 2 மி.மீ. ஒரு வளைவுக்கு 3.54 கழிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தேன். அப்பா தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, துண்டு ஒன்றை வளைத்துப் பார்த்தார். 3.6 வந்தது. 3.6 வைத்தே வெட்டினோம்.