ஜன்னலா... பென்குயினா?

ஒரே தெருவில் ரெண்டு ஹோட்டல். ஒண்ணுல இட்லிக்குக் காசு. எதிர் ஹோட்டல்ல இட்லி ஃப்ரீ. சட்னி, சாம்பார் மட்டுமில்ல, மாவு அரைச்ச பக்குவத்தையும் எழுதியே கையில கொடுத்துடறாங்க. கூட்டம் எங்கே அள்ளும்? 'இதெல்லாம் ஒரு கேள்வியா?'ன்னு சிரிக்கிறீங்களா... கம்ப்யூட்டர் உலகத்துல கதையே தலைகீழ் பாஸ்! காசு கேட்கிற விண்டோஸ் வாசல்ல க்யூ நிக்குது. ஃப்ரீயா கிடைக்கிற லினக்ஸ் கடையில ஈ ஓட்டறாங்க.

ஏன் இப்படி? ஜன்னலை மூடிட்டு பென்குயினை உள்ளே விடவே முடியாதா? மதுரையிலிருந்தே யோசிச்சுப் பார்ப்போம், வாங்க.

பக்குவம் சொல்லிக் கொடுத்தவர்கள்

1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 'க்னூ' என்றொரு திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்பதுதான் அவருடைய கொள்கை. 1991-ல் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் இதயமான 'கெர்னலை' எழுதி வெளியிட்டார். அப்போ அவருக்கு வயசு 21. கிட்டத்தட்ட நம்ம செட்டுதான்! ரெண்டும் சேர்ந்ததுதான் நாம லினக்ஸ் என்று கூப்பிடுகிற சமாச்சாரம். அதன் சின்னம் ஒரு குண்டு பென்குயின்.

இங்கிலீஷ்ல 'ஃப்ரீ' என்றால் இலவசமா, சுதந்திரமா என்று குழப்பம் வரும். தமிழ்ல அந்தத் தொல்லையே இல்லை. இலவசம் வேற, சுதந்திரம் வேற. அதனால்தான் நம்ம ஆட்கள் அழகாக 'கட்டற்ற மென்பொருள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஊர் கூடித் தேர் இழுக்கிற இந்த வேலைக்கு நம்ம ஊர்ப் பேரிலேயே ஒரு உதாரணம் இருக்கு. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் இருந்த டாக்டர் கல்யாணசுந்தரம் 'மதுரைத் திட்டம்' என்ற முயற்சியைத் தொடங்கினார். பழந்தமிழ் நூல்களை உலகம் முழுக்க இருக்கும் தமிழர்கள் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டார்கள். சங்கம் வைத்த ஊர் என்பதால் மதுரை என்று பெயர். சம்பளம் கிடையாது, முதலாளி கிடையாது. ஆனால் வேலை நடந்தது. லினக்ஸும் இப்படிப் பல கைகள் சேர்ந்து வளர்ந்ததுதான். இன்றைக்கு அதில் பெரிய கம்பெனிகள் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆட்களும் வேலை பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

பாக்கெட்டில் ஜெயிச்சாச்சு!

'யாரும் தொடாத சிஸ்டம்'னு லினக்ஸைக் கிண்டல் பண்றதுக்கு முன்னாடி உங்க பாக்கெட்டைத் தொட்டுப் பாருங்க. ஆண்ட்ராய்டு போனா? அதுக்குள்ளே இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். உலகின் டாப் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களில் 2017 நவம்பரிலிருந்து அத்தனையிலும் லினக்ஸ். இணையத்தைத் தாங்குகிற சர்வர்களிலும் அதுதான் ராஜா.

ஆக, சண்டை நடப்பது ஒரே ஒரு மைதானத்தில்தான்... மேஜை மேலும் மடி மேலும் இருக்கிற கம்ப்யூட்டரில். அங்கேதான் பென்குயின் தடுமாறுது. ஸ்டேட்கவுன்ட்டர் கணக்குப்படி உலக டெஸ்க்டாப்களில் லினக்ஸின் பங்கு 4 சதவிகிதத்தைத் தொட்டதே 2024 பிப்ரவரியில்தான். டெக்னாலஜி மோசமாக இருந்தால் சூப்பர் கம்ப்யூட்டரில் ஓடுமா? அப்போ பிரச்னை வேற எங்கேயோ இருக்கு.

ஃப்ரீயோட ஃப்ரீ மோதினா...

2000-களின் தொடக்கத்தில் மதுரையில் 'அசெம்பிள்டு' கம்ப்யூட்டர் வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'விண்டோஸுக்கு எவ்வளவு கொடுத்தீங்க?'ன்னா முழிப்பாங்க. கடைக்காரரே திருட்டு சிடியில் போட்டுக் கொடுத்துடுவாரு. கூடவே ஆபீஸ், போட்டோஷாப், நாலு கேம்ஸ்! ஆக, நம்ம ஊரில் விண்டோஸும் ஃப்ரீ, லினக்ஸும் ஃப்ரீ. லினக்ஸ் கையில் இருந்த பெரிய துருப்புச் சீட்டே விலைதான். அதையே திருட்டு சிடி பிடுங்கிக்கொண்டது.

அடுத்தது தொழில். மதுரையைச் சுத்தி ஒரு ரவுண்டு வாங்க. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கட்சித் தலைவர் பிறந்தநாள்னு எங்கே திரும்பினாலும் ஃபிளெக்ஸ். அந்த டிசைன் எல்லாம் போட்டோஷாப்பிலும் கோரல்டிராவிலும் பிறக்கிறது. ஜவுளிக் கடை, மளிகை மண்டி கணக்கெல்லாம் டேலியில். மெக்கானிக்கல், சிவில் பசங்களுக்கு ஆட்டோகேட் இல்லாமல் ஆகாது. இவை எதுவும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. 'அதுக்குப் பதிலா ஜிம்ப் இருக்கு, இங்க்ஸ்கேப் இருக்கு'ன்னு நாம சொல்லலாம். ஆனா நாளைக்குக் காலையில கல்யாணம், ராத்திரிக்குள்ள பேனர் வேணும்னு கஸ்டமர் தலைக்கு மேல நிக்கும்போது, புது சாஃப்ட்வேர் கத்துக்க எந்த டிசைனருக்கு நேரம் இருக்கு?

தப்பு அவர் மேல் இல்லை. ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை யாரும் தனியாக வாங்குவதில்லை. அதைச் சுத்தி இருக்கிற சாஃப்ட்வேர், சொல்லித் தர்ற ஆள், ரிப்பேர் பார்க்கிற கடை, எல்லாத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். இந்தச் சுற்றம்தான் விண்டோஸின் கோட்டைச் சுவர்.

எல்காட் எடுத்த முயற்சி

அந்தச் சுவரில் தமிழ்நாடு ஒரு தடவை முட்டிப் பார்த்தது. 1990-களில் மதுரையில் கூடுதல் கலெக்டராக இருந்த சி.உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., பிறகு அரசின் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமான எல்காட்டுக்கு நிர்வாக இயக்குநராக வந்தார். 2006, 2007-ல் எல்காட் அலுவலகமே சூசே லினக்ஸுக்கு மாறியது. பள்ளிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் வாங்கும் கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் என்று முடிவானது. 2007-ல் சென்னை சி-டாக் தயாரித்த 'பாஸ்' லினக்ஸும் வெளிவந்தது. விரிவாகச் சொன்னால் 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்'. டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்கிற மாதிரி உருவாக்கியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008 ரெகுலேஷனில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு 'ஓபன் சோர்ஸ் லேப்' என்று ஒரு பேப்பரே வந்தது.

செம வேகம் இல்ல? ஆனா 2008-ல் உமாசங்கர் எல்காட்டிலிருந்து மாற்றப்பட்டார். 2011 செப்டம்பர் 15-ம் தேதி அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியபோது, லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் பண்ணினா 'எது வேணும்?'னு கேட்கும். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கமிருந்து படிக்க வந்த எத்தனையோ பேர் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டராகப் போனது அதுதான். அடுத்த பத்து வருஷத்துக்குள் தமிழ்நாடு முழுக்கச் சுமார் 50 லட்சம் லேப்டாப்கள். யோசிச்சுப் பாருங்க... லினக்ஸுக்கு இதைவிடப் பெரிய வாசல் எந்த ஊரில் திறந்திருக்கும்?

வாசல் திறந்ததே தவிர, உள்ளே கூட்டிப் போக ஆள் இல்லை. எந்தப் பாடத்தையும் லினக்ஸில்தான் செய்யணும் என்ற கட்டாயம் கிடையாது. சந்தேகம் கேட்டால் பக்கத்து வீட்டு அண்ணனுக்கும் விண்டோஸ்தான் தெரியும். தெரிந்த வழி, தெரியாத வழி ரெண்டும் திறந்திருந்தா, கால் தானாத் தெரிஞ்ச வழியிலதானே போகும்!

குமுளிக்கு அந்தப் பக்கம்

மதுரையிலிருந்து தேனி வழியாக பஸ் ஏறி, நாலு மணி நேரத்தில் குமுளி மலையைத் தாண்டினால் கேரளா. அங்கே கதை வேற மாதிரி. 'ஐடி அட் ஸ்கூல்' என்ற திட்டத்தை 2001-ல் தொடங்கியவர்கள், சில வருஷங்களில் பள்ளிகளைப் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். அவர்கள் வெறும் சிடியைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. பாடப் புத்தகத்தை மாற்றினார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பத்தாம் வகுப்பு ஐடி பிராக்டிகல் பரீட்சையையே லினக்ஸில் நடத்தினார்கள். பரீட்சையில் வந்தால் படித்துத்தானே ஆகணும்!

அந்தத் திட்டம் 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. 2019-ல் தங்கள் புதிய லினக்ஸ் பதிப்பை 2 லட்சத்துக்கும் அதிகமான பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டு போவதாகவும், லைசென்ஸ் செலவில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் கணக்குச் சொன்னார்கள். அதே பென்குயின்தான். தமிழ்நாட்டில் விருந்தாளியாக வந்து போனது, கேரளாவில் வீட்டு ஆளாகிவிட்டது.

'அப்போ அரசாங்கம் நினைச்சா போதும்'னு முடிவு கட்டிடாதீங்க. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்தது. பத்து வருஷம் பாடுபட்டு 2013-க்குள் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றியும் காட்டியது. ஆனால் 2017-ல் விண்டோஸுக்கே திரும்புவது என்று அதே நகர மன்றம் தீர்மானம் போட்டது. மேலே இருக்கிறவர்கள் மனசு மாறினால் எல்லாம் மாறும். பயன்படுத்துகிறவர்கள் பிடித்துக்கொண்டால்தான் நிலைக்கும்.

பீரோ மேல ஒரு லேப்டாப்

இதெல்லாம் பழங்கதைன்னு ஒதுக்க முடியாதபடி இப்போ ஒரு சங்கதி வந்திருக்கு. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வேணும்னா அதற்கென்று தனியாகப் பதிய வேண்டும், அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பையும் ஓரளவு புதிய பிராசஸரையும் கேட்கிறது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்து, இப்போ பீரோ மேல தூசி படிந்து கிடக்கும் லேப்டாப் அந்தப் பரீட்சையில் பாஸாகாது.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு ரெண்டு வருஷத்தில் லேப்டாப் அல்லது டேப்லட் என்று தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் அறிவித்தது நல்ல விஷயம். ஆனா பள்ளியில் படிக்கிற தம்பிக்கு? ஃபீஸுக்கே வட்டிக்கு வாங்கிய வீட்டில் புது லேப்டாப் என்பது சின்ன செலவா? நல்லா ஓடுகிற ஒரு மெஷினை, சாஃப்ட்வேர் கம்பெனி தேதி குறித்துவிட்டது என்பதற்காகப் பழைய இரும்புக்குப் போடணுமா? இங்கேதான் லினக்ஸ் வெறும் கொள்கையாக இல்லாமல், வீட்டுக்கு உதவுகிற பொருளாக மாறுது.

நீங்க என்ன செய்யலாம்?

முதல்ல, எதையும் அழிக்க வேண்டாம். ஒரு 8 ஜிபி பென் டிரைவ் போதும். லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு மாதிரி ஒன்றை டவுன்லோடு செய்து, பூட் ஆகிற மாதிரி பென் டிரைவில் ஏற்றுங்கள். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல் அப்படியே ஓட்டிப் பார்க்கலாம். வை-ஃபை வேலை செய்யுதா, சவுண்டு வருதா, பிரின்டர் பேசுதான்னு பாருங்க. ரொம்பப் பழைய மெஷின் என்றால் எக்ஸ்எஃப்சிஇ போன்ற லேசான டெஸ்க்டாப் நல்லது. பிடித்தால் முக்கியமான ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுத்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள்.

ஆட்டோகேடும் டேலியும் கட்டாயம் என்றால் விண்டோஸையும் வைத்துக்கொள்ளுங்கள். இது என்ன கட்சி மாறுகிற விஷயமா? மத்தபடி படிக்க, டைப் பண்ண, பிரவுஸ் பண்ண, பைத்தானும் சியும் எழுத லினக்ஸ் தாராளம். ஓஎஸ் லேப்ல ஷெல் கமாண்டை ரெக்கார்டு நோட்டுல மட்டும் எழுதி வைவாவுல முழிக்கிற கூட்டத்துக்கு, வீட்லயே ஒரு டெர்மினல் இருந்தா எவ்வளவு நல்லது! அப்புறம், சர்வர் பக்கம் வேலைக்குப் போனா எப்படியும் லினக்ஸ்தான்.

சொல்லித்தர ஆள் இல்லையேன்னு கவலையா? 2012-ல் தொடங்கிய 'கணியம்' இதழ், கட்டற்ற மென்பொருளுக்கென்றே தமிழில் வருவது. அதில் எழுதிய து.நித்யாவின் 'எளிய தமிழில்' வரிசை இலவச மின்னூல்களாகவே கிடைக்கிறது. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரம் ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் உண்டு. அதிலும் விழுப்புரம் குழு, கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகவே சொல்லிக் கொடுக்கிறது.

அப்போ விண்டோஸை லினக்ஸ் ஜெயிக்குமா? கடை வாசல்ல, ஃபிளெக்ஸ் டிசைனர் மேஜையில... இப்போதைக்குக் கஷ்டம்தான். ஆனா எங்கெல்லாம் பக்கத்துல உட்கார்ந்து சொல்லித்தர ஒரு ஆள் இருந்தாரோ, அங்கெல்லாம் லினக்ஸ் தங்கியிருக்கு. குமுளிக்கு அந்தப் பக்கம் அது ஒரு ஆசிரியர். நம்ம ஊர் ஹாஸ்டல்ல, கிளாஸ்ல அது ஏன் நீங்களா இருக்கக் கூடாது? ஒரு சனிக்கிழமை, ஒரு பென் டிரைவ், அப்டேட் நின்னுபோன நாலு லேப்டாப். இவ்வளவுதான் தேவை. ஆரம்பிச்சுடலாமா பாஸ்?